புதிய மருத்துவமனையும் நாம் கேட்கத் தவறிய கேள்விகளும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் சற்று முன்னர் வாசிக்கப்பட்டன. பள்ளிவாசல் பராமரிப்பு, மக்தப் மத்ரஸா, மையவாடிச் சுற்றுச்சுவர் எனப் பல தலைப்புகள் அதில் இடம்பெற்றிருந்தன. அவற்றுள் ஒரு தலைப்பின் மீது மட்டும் உங்கள் கவனத்தை ஈர்க்க விரும்புகின்றோம். பைத்துல்மால் நிதியிலிருந்து உதவி கோரி வந்த விண்ணப்பங்களில் பெரும்பகுதி மருத்துவச் செலவுக்கானவை. அந்த மருத்துவ விண்ணப்பங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், மருந்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் கேட்கப்பட்ட தொகைக்கு இணையாக, மதுரைக்குச் சென்று திரும்பும் வண்டி வாடகைக்கும், அங்கே நோயாளியுடன் தங்குவோரின் சாப்பாட்டுச் செலவுக்கும் கேட்கப்பட்டிருக்கின்றது. நம் ஊரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்று இருக்கும்போது இந்த வண்டி வாடகை ஏன் குறையவில்லை என்ற கேள்வி நிர்வாகக் குழுவில் எழுந்தது. அக்கேள்வியின் தொடர்ச்சியே இவ்வுரை.

பெரியோர்களே, நம் மஹல்லாவில் நடந்த இரண்டு நிகழ்வுகளை முதலில் கூறிவிடுகின்றோம். பெயர்களையும், எந்த மருத்துவமனை என்பதையும் தவிர்த்துவிடுகின்றோம். எவரையும் குறைகூறுவது நம் நோக்கமன்று.

தோல் ஷாப்பில் வேலை பார்த்துவந்த நம் சகோதரர் ஒருவருக்கு இரவு இஷாத் தொழுகைக்குப் பின் நெஞ்சுவலி ஏற்பட்டது. அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். முதலுதவி செய்தார்கள். மாரடைப்புதான் என்று உறுதியாகக் கூறினார்கள். அடைப்பை நீக்கும் வசதி இங்கில்லை, மதுரைக்குக் கொண்டு செல்லுங்கள் என்றார்கள். சுமார் 65 கிலோமீட்டர் தூரம். வண்டி ஏற்பாடு செய்து, சீட்டு எழுதி வாங்கி, அங்கே போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு கடந்துவிட்டது. இறைவன் அருளால் அவர் உயிர் பிழைத்தார். ஆனால் இதயத் தசையின் ஒரு பகுதி மீளாத அளவுக்குப் பழுதடைந்துவிட்டது என்று மருத்துவர்கள் கூறினார்கள். இன்று அவரால் பாரம் தூக்க இயலாது. தோல் ஷாப்பில் பாரம் தூக்க இயலாதவருக்கு என்ன வேலை இருக்கின்றது? அக்குடும்பத்தின் பொறுப்பை அவருடைய மனைவியே சுமந்து வருகின்றார்.

இரண்டாவது நிகழ்வு, நான்கு வழிச்சாலையில் இருசக்கர வாகன விபத்தில் மவுத்தான ஓர் இளைஞரைப் பற்றியது. அஸர் நேரத்தில் உயிர் பிரிந்தது. மறுநாள் லுஹர் கழிந்த பின்னரே ஜனாஸா நம் கைக்குக் கிடைத்தது. காவல் நிலையத்து விசாரணைத் தாள் வரவில்லை என்றார்கள். தாள் வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது, இனி நாளைதான் என்றார்கள். அன்றிரவு முழுவதும் அந்தப் பிள்ளையின் தாயார் பிணவறை வாசலில், தரையில் விரித்த ஒரு துப்பட்டாவின் மேல் அமர்ந்திருந்தார். பெண்கள் அமர அங்கே ஒரு நாற்காலிகூட இல்லை. அக்காட்சியைக் கண்ட நம்மில் எவரும் அதை மறக்க இயலாது.

இவ்விரு நிகழ்வுகளும் ஒரு மருத்துவமனை எவ்வாறு திட்டமிடப்படுகின்றது என்பதோடு தொடர்புடையவை என்பதை எடுத்துரைக்கவே இங்கு குறிப்பிட்டோம்.

சற்று வரலாற்றைப் பார்ப்போம். 1985 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு நம் மாவட்டம் உருவானது. ஒரு காலத்தில் கண்ணியமிகு காயிதே மில்லத் அவர்களின் பெயரைத் தாங்கியிருந்த பெருமையும் இம்மாவட்டத்திற்கு உண்டு. மாவட்டம் பிரிந்தாலும் மருத்துவத்திற்கு நாம் மதுரையைப் பிரியவில்லை. மதுரை மருத்துவக் கல்லூரி 1954 இல் தோன்றியது. நமக்கு மேற்கே தேனியில் 2004 இல் கல்லூரி வந்தது. வடக்கே கரூரில் 2019 இல் வந்தது. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 21 லட்சத்து 59 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த திண்டுக்கல் மாவட்டத்திலோ, ஓர் அரசு மருத்துவக் கல்லூரிகூட இல்லாத நிலையே 2021 வரை நீடித்தது.

அதன் விளைவை 2020 ஆம் ஆண்டில் நாம் நேரில் கண்டோம். கொரோனா நோய் பரவிய முதல் மாதங்களில், நம் மாவட்டத்தைச் சேர்ந்த நோயாளிகள் கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள். சுமார் 75 கிலோமீட்டருக்கு அப்பால், உறவினர் எவரும் உடன் செல்ல இயலாத நிலையில், நம்மவர்கள் அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றுத் திரும்பினார்கள். அங்கிருந்த மருத்துவர்களும் செவிலியர்களும் அவர்களை அன்போடு கவனித்தார்கள் என்பதை நன்றியோடு நினைவுகூர்கின்றோம். ஆயினும், நம் ஊர் மக்களை நம் ஊரிலேயே வைத்துக் காப்பாற்ற ஏன் இயலவில்லை என்ற ஏக்கம் அப்போது இல்லாதவர் எவரும் இல்லை.

அந்நாளில் நம் ஊரில் மருத்துவக் கல்லூரிக்கான ஏற்பாடுகள் தொடங்கிவிட்டிருந்தன. 2019 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மத்திய அமைச்சரவை, நாடெங்கும் 75 புதிய மருத்துவக் கல்லூரிகளை, ஏற்கனவே இயங்கிவரும் மாவட்ட மருத்துவமனைகளோடு இணைத்து அமைக்க முடிவு செய்தது. அத்திட்டத்தின் கீழ்த் தமிழகத்திற்கு 11 கல்லூரிகள் கிடைத்தன. திண்டுக்கல், இராமநாதபுரம், விருதுநகர், நாமக்கல், திருப்பூர், நீலகிரி ஆகியவை முதல் பட்டியலிலேயே இடம்பெற்றன. ஒரு கல்லூரிக்கு 325 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டு, அதில் 60 விழுக்காட்டை மத்திய அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்பது என முடிவாயிற்று. 2022 ஆம் ஆண்டு ஜனவரி 12 ஆம் நாள் பதினொன்றும் ஒருசேரத் திறந்து வைக்கப்பட்டன. திண்டுக்கல்லுக்கு ஆண்டுக்கு 150 மாணவர் இடங்கள் கிடைத்தன. நம் பிள்ளைகளும் பிற சமுதாயப் பிள்ளைகளும் சொந்த ஊரிலேயே மருத்துவம் படிக்கும் வாய்ப்பு உண்டாயிற்று. இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை.

இங்கேதான் நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அத்திட்டத்தின் பெயரிலேயே அதன் தன்மை அடங்கியிருக்கின்றது. அது மாவட்ட மருத்துவமனையோடு இணைக்கப்பட்ட மருத்துவக் கல்லூரித் திட்டம். புத்தம் புதிதாக ஒரு பெரிய மருத்துவமனையை உருவாக்கித் தரும் திட்டமன்று. ஆகவே நகருக்குள் இருந்த அரசு தலைமை மருத்துவமனையே கல்லூரி மருத்துவமனையாக உயர்த்தப்பட்டது. கல்லூரிக் கட்டடம் ஆட்சியர் அலுவலகத்தை அடுத்த பகுதியில் எழுந்தது. கல்லூரி ஓரிடம், மருத்துவமனை ஓரிடம்.

இன்னொரு செய்தியும் நம்மில் பலருக்குத் தெரியாதிருந்தது. மருத்துவக் கல்லூரி என்றவுடன் எல்லா நோய்க்கும் சிகிச்சை கிடைக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். இளநிலை மருத்துவப் படிப்புக்கு, தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகள் பொது மருத்துவம், பொது அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், எலும்பு முறிவு, கண், காது மூக்கு தொண்டை முதலிய துறைகளைக் கட்டாயமாக்குகின்றன. 150 மாணவர்களுக்கு 600 படுக்கைகளுக்கு மேல் இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் இதயத்துக்கும் மூளை நரம்பு அறுவைக்கும் தனித்துறைகள் இருந்தே தீர வேண்டும் என்று அவை கூறவில்லை. அத்தகைய உயர் சிறப்புப் பிரிவுகளுக்கு அரசு தனியாக ஆணை பிறப்பிக்க வேண்டும். பணியிடங்களைத் தோற்றுவிக்க வேண்டும். கருவிகளுக்கு நிதி ஒதுக்க வேண்டும். மதுரை இராசாசி மருத்துவமனைக்கே உயர் சிறப்புச் சிகிச்சைக் கட்டடம் வேறொரு திட்டத்தின் கீழ்தான் கட்டப்பட்டு, 2019 ஜனவரி 27 அன்று திறந்து வைக்கப்பட்டது. கேட்டுப் பெற வேண்டியவை தாமாக வந்துசேர்ந்துவிடும் என்று நாம் காத்திருந்துவிட்டோம்.

நம்மை நாமே கணக்குக் கேட்டுக்கொள்வோம். 2019 முதல் 2022 வரையிலான அந்த ஆண்டுகளில் நமது ஜமாஅத் என்ன செய்தது? நமது நிகழ்ச்சிக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தோம். கல்லூரி அறிவிக்கப்பட்டபோது நன்றித் தீர்மானம் ஒன்று நிறைவேற்றியிருக்கின்றோம். திறப்பு விழாவின்போது வாழ்த்துத் தீர்மானம் ஒன்று நிறைவேற்றியிருக்கின்றோம். இடைப்பட்ட காலத்தில், கட்டடத்தின் வரைபடம் என்ன, மருத்துவமனையில் எந்தெந்தப் பிரிவுகள் வரப்போகின்றன, பிணவறை எங்கே அமையும், நோயாளியுடன் வருவோர் எங்கே தங்குவர் என ஒரு கேள்வியையும் நாம் எழுதிக் கேட்கவில்லை. கொரோனா காலத்தின் துயரங்கள் ஒரு காரணம்தான். எனினும் அதையே முழுக் காரணமாகக் கூறித் தப்பித்துக்கொள்ள நமக்கு மனமில்லை. திட்டம் தாளில் இருக்கும்போது கேட்கப்படும் கேள்விக்கு ஒரு கோட்டை அழித்து வேறொரு கோடு போட்டால் போதும். கட்டடம் எழுந்த பின் கேட்டால் சுவரை இடிக்க வேண்டியிருக்கும். சுவரை இடிப்பதற்கு எந்த அரசும் எளிதில் முன்வராது.

திட்டமிடுதலில் ஏற்படும் தாமதம் மக்களை எவ்வாறு வாட்டும் என்பதற்கு நம் அண்டை மாவட்டமே சான்று. தமிழகத்திற்கு எய்ம்ஸ் மருத்துவமனை என்று 2015 ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. எந்த ஊரில் அமைப்பது என்பதை முடிவு செய்யவே 2018 வரை ஆயிற்று. செங்கல்பட்டு, புதுக்கோட்டை, செங்கிப்பட்டி, பெருந்துறை, மதுரை தோப்பூர் என்று ஐந்து இடங்களின் பெயர்கள் அடிபட்டன. முடிவில் தோப்பூர் தேர்வாயிற்று. 2018 டிசம்பரில் 1264 கோடி ரூபாய்க்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. பின்னர் ஜப்பான் நாட்டு நிறுவனத்தின் கடனுதவியோடு கட்டுவது என்றாகி, கடன் ஒப்பந்தம் 2021 மார்ச்சில் கையெழுத்தாயிற்று. மதிப்பீடும் 1977 கோடி ரூபாயைத் தாண்டியது. முதல் தொகுதி மாணவர்கள் 2022 இல் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம்பெற்றுப் படிக்கத் தொடங்கினார்கள். கட்டுமானப் பணி 2024 இல்தான் தொடங்கியது. அறிவிப்புக்கும் கட்டுமானத்துக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. அவ்வாண்டுகளில் தென்மாவட்ட மக்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். மனு மேல் மனு கொடுத்தார்கள். இதில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு பங்கு என்று ஆராய்வது பள்ளிவாசல் மேடையின் வேலையன்று. இடம், நிதி, காலவரை ஆகிய மூன்றும் எழுத்தில் உறுதியாகாத ஓர் அறிவிப்பு நோயாளிக்கு உதவாது என்ற பாடம் மட்டும் நமக்குப் போதும்.

ஆகவே, நம் மருத்துவமனை மேலும் விரிவடையும்போதும், புதிய கட்டடங்களும் பிரிவுகளும் திட்டமிடப்படும்போதும், நாம் முன்கூட்டியே எடுத்துரைக்க வேண்டிய கவலைகளை இங்கே வரிசைப்படுத்துகின்றோம்.

முதலாவது, உயர் சிறப்புச் சிகிச்சை. மாரடைப்புக்கு உடனடியாக அடைப்பு நீக்கும் பிரிவும், தலைக்காயத்திற்கான நரம்பு அறுவைப் பிரிவும் இரவு பகல் எந்நேரமும் இயங்கும் வகையில் அமைய வேண்டும். கருவி இருந்து மருத்துவர் இல்லாவிட்டாலும், மருத்துவர் இருந்து இரவுப் பணிக்கு ஆளில்லாவிட்டாலும் பயனில்லை. நான்கு வழிச்சாலைகள் சந்திக்கும் ஊர் நம் ஊர். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. அத்திட்டத்தின் முழுப் பயன் கிட்ட வேண்டுமாயின், அருகிலேயே தலைக்காயத்தைக் கையாளும் வசதி இருக்க வேண்டும்.

இரண்டாவது, போக்குவரத்து. நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, ஆத்தூர் பகுதிகளிலிருந்தும் கொடைக்கானல் மலைக் கிராமங்களிலிருந்தும் வருவோர், பேருந்து நிலையத்தில் இறங்கி எவ்வாறு மருத்துவமனைக்குச் செல்வர் என்பதைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. பேருந்து மருத்துவமனை வாசலில் நின்று சென்றால், மாதந்தோறும் சர்க்கரை நோய் மாத்திரை வாங்க வரும் ஏழை மூதாட்டிக்கு ஆட்டோ செலவு மிச்சமாகும். எதிர்காலத்தில் எந்தப் பிரிவையேனும் ஊருக்கு வெளியே மாற்றுவதாக இருந்தால், பேருந்தை முதலில் விட்டுவிட்டுப் பிரிவைப் பின்னர் மாற்றுங்கள் என்று நாம் கேட்க வேண்டும்.

மூன்றாவது, பெண்களின் தேவைகள். புறநோயாளிப் பிரிவில் பெண்களுக்குத் தனி வரிசை, பரிசோதனை அறையில் மறைப்பு, இயன்றவரை பெண் மருத்துவர், பச்சிளங்குழந்தையோடு இரவில் தங்கும் தாய்க்கும் துணைக்கு வந்த பெண்ணுக்கும் பாதுகாப்பான தங்குமிடம், தண்ணீர் வசதியோடு கூடிய கழிப்பறை. இவை நம் சமுதாயப் பெண்களுக்கு மட்டுமான கோரிக்கைகளென எவரும் எண்ண வேண்டா. பஞ்சாலையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கும், சின்னாளபட்டியில் தறி நெய்யும் பெண்ணுக்கும் இதே தேவைதான்.

நான்காவது, பிரேதப் பரிசோதனை. மவுத்தானவரைத் தாமதமின்றி அடக்கம் செய்வது நம் மார்க்க நெறி. பொழுது சாய்ந்தபின் பிரேதப் பரிசோதனை கூடாது என்ற பழைய வழக்கத்தைத் தளர்த்தி, போதிய வெளிச்சமும் வசதியும் உள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பின்னும் அதை நடத்தலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பர் 15 அன்று அறிவித்தது. கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல், ஐயத்திற்கிடமான மரணம் ஆகியவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. சட்டம் ஒழுங்குக்காகத் தேவைப்பட்டால் மட்டுமே அவற்றை இரவில் செய்யலாம். மேற்கண்ட முழுவதும் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும் என்பதும் நிபந்தனை. நம் மருத்துவமனையில் அதற்கான வெளிச்சமும் ஒளிப்பதிவுக் கருவியும் இரவுப் பணியாளரும் ஏற்படுத்தப்பட வேண்டும் என்று நாம் முறைப்படி எழுதிக் கேட்க வேண்டும். அத்தோடு, காவல் துறையின் விசாரணை அறிக்கை கிடைக்காமல் மருத்துவர் பரிசோதனையைத் தொடங்க இயலாது என்பதையும் நாம் உணர வேண்டும். தாமதத்தின் ஒரு பாதி காவல் நிலையத்தில் நேர்கின்றது. ஆதலின் பிணவறை வாசலில் மருத்துவரிடம் குரலை உயர்த்துவதால் பயனில்லை. விவரம் அறிந்த இருவர் உடனே காவல் நிலையம் சென்று, அடையாளச் சான்றுகளைக் கொடுத்து, தாளை விரைந்து பெற்று வருவதே அறிவுடைமை. பிணவறையை ஒட்டிக் குளிப்பாட்டும் இடமும், பெண்கள் அமர நிழலான கூடமும் அமைத்துத் தரும்படியும் கேட்போம். துயரத்தில் இருப்போர் எம்மதத்தவராயினும் அவர்களுக்கு அது ஆறுதல் தரும்.

ஐந்தாவது, தீத்தடுப்பு. 2024 டிசம்பர் 12 ஆம் நாள் இரவு நம் நகரின் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஏற்பட்ட தீ விபத்தில் ஆறு பேர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். புகை சூழ்ந்த நிலையில் மின்தூக்கிக்குள் சிக்கியோரும் அவர்களுள் இருந்தார்கள். மருத்துவமனையில் தீ என்றால், எழுந்து ஓட இயலாதவர்களே அங்கே படுத்திருக்கின்றார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அரசுக் கட்டடமாயினும் தனியார் கட்டடமாயினும், சாய்தளப் பாதை, புகை வெளியேறும் வழி, மாற்றுப் படிக்கட்டு ஆகியவை வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். இவற்றைப் பற்றிக் கேட்பது குடிமக்களின் உரிமை.

பெரியோர்களே, இவ்வளவையும் நாம் நிர்வாகக் குழுவில் பேசியபோது, மூத்தவர் ஒருவர் நியாயமான ஓர் ஐயத்தை எழுப்பினார். "இது அரசாங்க வேலை. நாம் சிறுபான்மையினர். ஜமாஅத் பெயரில் போய்க் கேட்டால், தங்களுக்கென்று தனியாகக் கேட்கின்றார்கள் என்று பிறர் நினைக்க மாட்டார்களா?" என்றார். அவருடைய அச்சத்தை நாம் மதிக்கின்றோம். அதற்கு நம் விடை இதுதான். நோயாளிகள் அடுத்தடுத்த படுக்கைகளில் படுத்திருக்கும்போது சமுதாயம் பார்த்துப் படுப்பதில்லை. நாம் கேட்கும் பேருந்தில் நாம் மட்டும் ஏறப்போவதில்லை. நாம் கேட்கும் இதயச் சிகிச்சைப் பிரிவின் முதல் பயனாளி நமக்கு அறிமுகமே இல்லாத ஒரு விவசாயியாக இருக்கலாம். அவருக்கும் சேர்த்தே கேட்கின்றோம் என்பதை நம் சொல்லிலும் செயலிலும் காட்டினால் ஐயத்திற்கு இடமிராது. ஆகையால் தனியாகச் செல்லாமல், பிற பள்ளிவாசல் ஜமாஅத்துகளையும், தேவாலயப் பங்குப் பேரவைகளையும், கோயில் ஊர்ப் பெரியவர்களையும், வணிகர் சங்கத்தாரையும் அழைத்துக்கொண்டு செல்வோம் என்று முடிவு செய்திருக்கின்றோம்.

அத்தகைய முன்மாதிரிகள் இம்மண்ணில் இல்லாமலில்லை. 1947 இல் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தவரும், பின்னாளில் திண்டுக்கல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக விளங்கியவருமான டாக்டர் சௌந்தரம் இராமச்சந்திரன் அம்மையார், கிராமத்துப் பெண்களின் பிரசவத் துயரைக் கண்டு ஒரு சிறு மருத்துவ நிலையத்திலிருந்து தொடங்கினார். அதுவே வளர்ந்து கஸ்தூரிபா மருத்துவமனையாயிற்று. 1955 இல் ஒட்டன்சத்திரத்தில் கிறிஸ்தவ மருத்துவர்கள் தொடங்கிய மருத்துவமனையும் அவ்வாறே சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் பயனளித்தது. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அவ்விரு மருத்துவமனைகளிலும் பிறந்தவர்கள். அவர்கள் மக்களின் தேவையை முதலில் கேட்டறிந்தார்கள். கட்டடத்தைப் பின்னர் எழுப்பினார்கள். அரசின் திட்டமும் அம்முறையில் அமைய வேண்டுமாயின், தேவையை எடுத்துரைக்கும் கடமை நம்முடையது.

இனி, செய்ய வேண்டியவற்றைக் கூறி உரையை நிறைவு செய்கின்றோம்.

ஒன்று: ஜமாஅத்தின் சார்பில் மருத்துவ உதவிக்குழு ஒன்றை இக்கூட்டத்திலேயே அமைக்க வேண்டுகின்றோம். அதில் இரு பெண்களாவது இடம்பெற வேண்டும். காவல் நிலையத் தாள், பரிசோதனைச் சீட்டு, இறப்புச் சான்று ஆகியவற்றின் நடைமுறையை அக்குழுவினர் கற்றுக்கொண்டு, எந்நேரமும் உதவ முன்வர வேண்டும்.

இரண்டு: 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்தில், மருத்துவமனை விரிவாக்கத் திட்டங்கள், ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள், நிரப்பப்படாத பணியிடங்கள் ஆகியவற்றின் விவரங்களைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டியது அலுவலரின் கடமை. உணர்ச்சியோடு பேசும் பத்து மேடைகளைவிட, அலுவலக முத்திரையோடு கூடிய ஒரு பதில் கடிதம் நமக்குப் பெரிதும் உதவும்.

மூன்று: அப்பதில்களை அடிப்படையாகக் கொண்டு, பிற சமுதாயப் பெரியோர்களோடு இணைந்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனு அளிப்போம். மாநகராட்சிப் பகுதி சபைக் கூட்டங்களில் நம் வட்டாரத்தார் தவறாது கலந்துகொள்ள வேண்டும். மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கத்திலும் பொதுமக்களின் குரல் ஒலிக்க வழிதேட வேண்டும்.

நான்கு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லாத குடும்பங்களைக் கண்டறிந்து, வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு பதிவு செய்ய உதவ வேண்டும். 2022 இல் இதற்கான ஆண்டு வருமான வரம்பு 72 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சத்து 20 ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவ்வட்டையோடு அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறும்போது, காப்பீட்டுத் தொகை அம்மருத்துவமனைக்கே சென்று, கருவிகள் வாங்கவும் வசதிகளை மேம்படுத்தவும் பயன்படுகின்றது. நாம் அரசு மருத்துவமனையைப் பயன்படுத்துவதே அதை வளர்க்கும் வழிகளில் ஒன்று என்பதைப் பலர் அறியார்.

ஐந்து: கேட்பவர்களாக மட்டும் நில்லாமல் கொடுப்பவர்களாகவும் இருப்போம். நம் இளைஞர்கள் ஆண்டுக்கு இருமுறையேனும் அரசு இரத்த வங்கிக்கு இரத்ததானம் செய்ய வேண்டும். கொரோனா காலத்தில், உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களை மதம் பாராது அடக்கம் செய்ய முன்வந்த இளைஞர்களைத் தமிழகம் கண்டது. அந்த உணர்வு அமைதிக் காலத்திலும் தொடர வேண்டும்.

ஜமாஅத் பெருமக்களே! நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வதும், ஜனாஸாவைப் பின்தொடர்ந்து செல்வதும் ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகள் என்று சிறுவயது முதல் கற்றிருக்கின்றோம். நோயாளி நல்ல சிகிச்சை பெறுவதற்கான வழியை முன்கூட்டியே அமைத்துக் கொடுப்பதும் அக்கடமையின் பகுதிதான் என்று நாம் கருதுகின்றோம். அன்று பிணவறை வாசலில் தரையில் அமர்ந்திருந்த அந்தத் தாயார், இன்று திரைக்கு அப்பால் நம்மோடு இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கின்றார். மருத்துவ உதவிக்குழுவில் தன் பெயரை முதலாவதாகச் சேர்த்துக்கொள்ளும்படி அவரே நேற்று நிர்வாகக் குழுவுக்குச் சொல்லியனுப்பினார். "எனக்கு நேர்ந்தது இன்னொரு தாய்க்கு நேரக்கூடாது" என்பதுதான் அவர் சொல்லியனுப்பிய செய்தி. அடுத்த ஆண்டறிக்கையில் நன்றித் தீர்மானத்தோடு நில்லாமல், நாம் கேட்ட கேள்விகளும் பெற்ற பதில்களும் அச்சாகி வர வேண்டும் என்பதே எங்கள் அவா. இன்ஷா அல்லாஹ், உங்கள் ஒத்துழைப்போடு அது நிறைவேறும்.

நோயுற்றோருக்கு இறைவன் பூரண நலத்தை அளிப்பானாக. மறைந்தோரின் பிழைகளைப் பொறுத்தருள்வானாக. நம் ஊரையும் மக்கள் அனைவரையும் காத்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

நிர்வாகக் குழுவினர்